‘எனக்குத் தேவையில்லை’

“உங்கள் வீட்டில் ஏன் இணைய இணைப்பு இல்லை?” என்பது கேள்வி. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டங்கள். கட்டணம் அதிகம்; கணினி இல்லை; எங்கள் தெருவில் இணைப்பு கிடைப்பதில்லை; வேறிடத்தில் பயன்படுத்திக்கொள்கிறேன். அந்த வரிசையில் “தேவையில்லை, ஆர்வமில்லை” என்றும் ஒரு கட்டம் இருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மா யோசிக்கவே இல்லை. “நோ லோ நெசெசீத்தோ” என்றார். எனக்குத் தேவையில்லை. நான் அந்தக் கட்டத்தில் குறி போட்டேன்.

கலிபோர்னியாவில், சான் ஹோசே நகரத்தின் கிழக்குப் பகுதியில் ஒரு கிளை நூலகம். 2022ஆம் ஆண்டு. வாரத்தில் இரண்டு நாள் அங்கே தன்னார்வலராக உட்காருவேன். சுற்றிலும் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள், வியட்நாமியக் குடும்பங்கள். அங்கே ஒரு பழைய குடியிருப்புக்கு ‘சால் சி புவேதெஸ்’ என்று பெயர். ‘முடிந்தால் வெளியேறு’ என்று அர்த்தம். பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் 1950களில் அங்கேதான் குடியிருந்தார். அங்கிருந்து கார் எடுத்தால், நெரிசல் இல்லாத நேரத்தில், அரை மணி நேரத்தில் உலகின் மிகப் பெரிய இணைய நிறுவனங்களின் வாசலுக்குப் போய்விடலாம்.

அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். மகள் இரவில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறாள். பேரனும் பேத்தியும் பாட்டியிடம். அவர் அன்று இணைப்பு கேட்டு வரவில்லை. பேத்தியின் பள்ளியிலிருந்து வந்த ஒரு கடிதத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி வந்தார். கடிதம் ‘மேலும் விவரங்களுக்கு இணையதளத்தைப் பார்க்கவும்’ என்று முடிந்தது.

குறி போட்ட பிறகும் என் பேனா அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது. அந்தச் சொல்லை நான் வேறொரு மொழியில் கேட்டு வளர்ந்தவள். “எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க.” சாத்தூரில் எங்கள் வீட்டில் கறிக்குழம்பு வைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் பசித்ததே கிடையாது. அப்பாவுக்கு, அண்ணனுக்கு, எனக்கு, அப்புறம் ஆச்சிக்கு. அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவாள். அவளுக்குக் கறி பிடிக்காது என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அண்ணனும் நானும் சம்பாதிக்கத் தொடங்கி, வீட்டில் ஆட்களும் குறைந்துபோன ஒரு ஞாயிறன்று, அவள் கடைசிச் சோற்றைச் சட்டியில் போட்டுப் பிசைந்து வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்தேன். யாராவது கணக்கெடுப்பவர் முன்பு எங்கள் வீட்டுக்கு வந்து, “நீங்கள் ஏன் இறைச்சி உண்பதில்லை?” என்று கேட்டிருந்தால் அம்மா “பிடிக்காது” என்றுதான் சொல்லியிருப்பாள். அவரும் எழுதிக்கொண்டு போயிருப்பார். பொய் என்று சொல்ல முடியாது. அவள் வாயாலேயே சொன்னதுதானே.

அமெரிக்காவில் வீட்டில் இணையம் இல்லாதவர்களிடம் அரசு இந்தக் கேள்வியை ஆண்டாண்டாகக் கேட்டுவருகிறது. வணிகத் துறையின் கீழுள்ள தொலைத்தொடர்பு நிர்வாகம் நடத்தும் ஆய்வுகளில், முக்கியக் காரணமாக மிகப் பலர் சொல்வது “தேவையில்லை, ஆர்வமில்லை” என்பதைத்தான். கட்டணம் அதற்கு அடுத்தது. இந்த வரிசையை வைத்து ஒரு பெரிய வாதமே கட்டப்பட்டிருக்கிறது. இணைப்பு கிடைப்பது வேறு, அதை எடுத்துக்கொள்வது வேறு. தெருவில் கம்பி போய்விட்டது. எடுத்துக்கொள்ளாதது அவர்கள் விருப்பம். அப்படியென்றால் இனி நிறுவனத்துக்கு வேலையில்லை, அரசுக்கும் வேலையில்லை. பாக்கியிருக்கிற ஒரே வேலை, அந்த மக்களுக்கு இணையத்தின் அருமையை எடுத்துச் சொல்வது.

பியூ ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, வீட்டில் பிராட்பேண்ட் வைத்திருந்த பெரியவர்கள் வெள்ளையர்களில் 80 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 71, லத்தீனோ மக்களில் 65. லத்தீனோ மக்களில் நான்கில் ஒருவருக்கு இணையம் என்பது கைப்பேசி மட்டுமே. லத்தீனோ என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, அதற்குள் மூன்று தலைமுறையாக ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்; ஒஹாகா மலைகளிலிருந்து வந்து மிஷ்டெக், த்ரிக்கி மொழிகளைப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு ஸ்பானியமே இரண்டாம் மொழி. பள்ளிக்கூடம் ஸ்பானியத்தில் கடிதம் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது.

கைப்பேசி இருக்கிறதே, போதாதா என்று கேட்பவர்கள் ஒருமுறை இரண்டு கட்டைவிரலால் நான்கு பக்கக் கட்டுரை எழுதிப் பார்க்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் பாதி நிரப்பும்போது திரை அணைந்து எல்லாம் அழிந்துபோவதைப் பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்த வீட்டில், ஒரே கைப்பேசிக்கு மூன்று பிள்ளைகளும் ஓர் அம்மாவும் வரிசையில் நிற்கும்போது யார் முதலில் “எனக்கு வேண்டாம்” என்று சொல்வார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

2020 ஆகஸ்டில் ஒரு புகைப்படம் அந்த நாடு முழுவதும் பரவியது. சான் ஹோசேக்குத் தெற்கே சுமார் நூறு கிலோமீட்டரில் சலினாஸ் என்ற ஊர். அமெரிக்காவின் கீரையும் பெர்ரியும் பெருமளவில் விளையும் பள்ளத்தாக்கு அது. ஒரு டாக்கோ பெல் உணவகத்தின் வெளியே, சிமெண்டுத் தரையில், இரண்டு சிறுமிகள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பெருந்தொற்றால் பள்ளி மூடிக்கிடக்கிறது. வகுப்பு இணையத்தில் நடக்கிறது. வீட்டில் இணைப்பு இல்லாததால் உணவகத்தின் இலவச வைஃபைக்கு வந்திருக்கிறார்கள். அம்மா பெர்ரி பறிக்கிற கூலித் தொழிலாளி என்று செய்திகள் சொல்லின. படம் பரவியதும் பள்ளி நிர்வாகம் ஹாட்ஸ்பாட் கருவி கொடுத்தது. முகம் தெரியாதவர்கள் சேர்ந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் நான் அதில் இல்லாத பெண்ணைத்தான் தேடுகிறேன். அவள் அந்நேரம் குனிந்து பறித்துக்கொண்டிருந்திருப்பாள். பெருந்தொற்றிலும் நிறுத்தக்கூடாத ‘அத்தியாவசிய வேலை’ என்று அரசு அறிவித்த வேலை. பிள்ளைகளின் படிப்பு கெடக்கூடாது என்று வைஃபை கிடைக்கும் இடத்தை யாரோ அவர்களுக்குக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ‘யாரோ’வுக்கு இணையத்தின் அருமையை எடுத்துச் சொல்ல ஒரு விழிப்புணர்வு முகாம் தேவைப்பட்டிருக்குமா?

இதில் கம்பியின் கதையும் இருக்கிறது. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பினத்தவரும் மெக்சிகோ வம்சாவளியினரும் வாழ்ந்த பல பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்தது. வண்ணம் அழிந்தாலும் கோடு அழியவில்லை. ‘தி மார்க்கப்’ என்ற செய்தி நிறுவனம் 2022இல் 38 நகரங்களில் நான்கு பெரிய நிறுவனங்கள் வீடு வீடாக என்ன வேகத்தை என்ன விலைக்குத் தருகின்றன என்று சேகரித்துப் பார்த்தது. வருமானம் குறைந்த, வெள்ளையர் குறைவாக வாழும், முன்பு சிவப்புக் கோடு போடப்பட்ட பகுதிகளுக்கு, அதே விலைக்கு, மிகக் குறைந்த வேகம். பக்கத்துப் பேட்டைக்காரர் நூற்றுக்கணக்கில் வாங்குகிற வேகத்தை நீங்கள் ஒற்றை இலக்கத்தில் வாங்க அதே பணத்தைக் கட்ட வேண்டும். அப்படி ஒரு சரக்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு “வேணுமா?” என்று கேட்டால், நானும் வேண்டாம் என்பேன். புளித்த மாவை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

நரியும் திராட்சையும் கதை நமக்குத் தெரியும். எட்டவில்லை என்றதும் ‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’ என்றது நரி. தத்துவவாதி யோன் எல்ஸ்டர் இந்தக் கதையின் பெயரையே தலைப்பாக வைத்து 1983இல் ஒரு நூல் எழுதினார். கிடைக்காததை வேண்டாததாக மாற்றிக்கொள்ளும் மனத்தைப் பற்றியது. அமர்த்தியா சென்னும் மார்த்தா நஸ்பாமும் இதைப் பெண்களிடம் கொண்டுவந்தார்கள். நெடுங்காலம் ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் ஆசையையே சுருக்கிக்கொள்வார்கள். ஆகவே ‘உனக்குத் திருப்தியா?’ என்று கேட்டு நீதியை அளக்க முடியாது என்றார்கள். நஸ்பாம் காட்டும் உதாரணங்களில் ஒன்று திருவனந்தபுரத்தில் செங்கல் சூளையில் கல் சுமந்த ஒரு பெண். ஆண்களுக்குக் கூலி உயர்வதும் தனக்கு உயராததும் இயற்கை என்று அவர் ஏற்றுக்கொண்டிருந்தார்.

இந்த வாதத்தைப் படித்தபோது எனக்கு அம்மாவின் ரசமும் நினைவுக்கு வந்தது, என் கதையும் நினைவுக்கு வந்தது. கணவரின் வேலை விசாவை ஒட்டிக்கொண்டு வரும் எச்-4 விசாவில் நான் அமெரிக்கா வந்தேன். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஊரிலிருந்து அத்தை, சித்தி யார் போனில் கேட்டாலும், “எனக்கு வேலைக்குப் போகணும்னே தோணல சித்தி, பிள்ளையப் பாத்துக்கிறதே நிறைவா இருக்கு” என்பேன். கேட்டவர்கள் சந்தோஷப்பட்டார்கள். சொன்ன எனக்கும் நம்பிக்கையாகத்தான் இருந்தது. ஐந்து வருஷம் கழித்து எனக்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஆனபோது, அன்று ராத்திரியே படிவத்தைப் பூர்த்தி செய்துவிட்டுத்தான் படுத்தேன். அந்த ஐந்து வருஷ நிறைவு எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. நடித்தேன் என்று சொல்ல மாட்டேன். நடிப்பென்றால் ஒரு நாளாவது களைத்திருக்கும்.

ஆகவே அந்த அம்மாவின் ‘தேவையில்லை’யும் அப்படித்தான், இடம் கொடுத்தால் மாறும் என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் இங்கேதான் எனக்குச் சிக்கல். பெண் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம், அதற்கு வேறு உரை எழுதாதே என்று ஆண்களிடமும் நீதிமன்றங்களிடமும் சண்டை போட்டு வந்தவர்கள் நாம். ஒரு பெண்ணின் மறுப்பை ‘அவளுக்கே தெரியாத அவளுடைய விருப்பம்’ என்று திருப்பிப்போட்டு வாசிப்பதில் உள்ள வன்முறை நமக்குத் தெரியும். மேசைக்கு இந்தப் பக்கம் படிவமும் பேனாவுமாக உட்கார்ந்துகொண்டு, ‘இவருடைய மறுப்பு மறுப்பல்ல, பழகிப்போன இல்லாமை’ என்று நான் தீர்மானித்தால், நான் யார்? இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் தத்துவம் கற்பிக்கும் உமா நாராயண் இந்த எச்சரிக்கையைத்தான் விடுக்கிறார். பர்தா அணியும் பீர்சாதா பெண்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் ஆணாதிக்கத்தின் பேச்சில் மயங்கிக் கிடப்பவர்களும் அல்லர், அதன் கைதிகள் மட்டும் அல்லர் என்கிறார். இருக்கிற நெருக்கடிக்குள் கணக்குப் போட்டுப் பேரம் பேசுகிறவர்கள். அவர்களுக்குச் சுயபுத்தி உண்டு.

கணக்கு என்றால் என்ன கணக்கு? மூன்றாம் முறை வந்தபோது அந்த அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஒருமுறை இணைப்பு எடுத்திருக்கிறார்கள். முதல் வருஷம் ஒரு விலை. அடுத்த வருஷம் கேட்காமலே விலை ஏறியது. நிறுத்தச் சொல்லிப் போன் செய்தால் ஆங்கிலத்தில் நாற்பது நிமிடம். பேசியது அன்று பத்து வயதாயிருந்த பேத்தி. திருப்பித் தராத ஏதோ ஒரு பெட்டிக்கு அபராதம். அந்தக் கடன் மகளின் பேரில் ஏறிக்கொண்டது. அந்தப் பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டு அழுததைச் சொல்லும்போது பாட்டியின் குரல் மாறியது. இந்தக் குடும்பங்களில் இணையம் நுழையும்போது கூடவே ஒரு புது வேலையும் நுழைகிறது. மொழிபெயர்ப்பது, கடவுச்சொல்லை நினைவு வைத்திருப்பது, படிவம் நிரப்புவது, கஸ்டமர் கேரில் கெஞ்சுவது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் கடைசியாகச் சேர்ந்த வேலை இது. நான் அந்த மேசையில் பார்த்தவரை, வீட்டில் ஆண்பிள்ளை இருந்தாலும் பாட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து படிவம் நிரப்புவது பேத்திதான்.

அவர் சொல்லாத ஒன்றும் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் யாரிடம் என்ன ஆவணம் இருக்கிறது என்பது அந்த நூலகத்தில் யாரும் யாரிடமும் கேட்கிற கேள்வி அல்ல. ஆனால் இது நடந்தது: தண்ணீர், மின்சாரம், தொலைபேசி, கேபிள், இணையம் ஆகியவற்றுக்குப் பணம் கட்டுகிற கோடிக்கணக்கானவர்களின் பெயரும் முகவரியும் ஒரு தனியார் தரவுத்தளம் வழியாக அமெரிக்கக் குடிவரவு அமலாக்கத் துறைக்குத் தேடக் கிடைத்தது என்பது 2021இல் வெளிவந்தது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மையம் 2022இல் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. வீட்டுக்கு இணைப்பு என்பது வீட்டு முகவரியை ஒருவரிடம் எழுதிக் கொடுப்பதும்தான். இதைத் தெரிந்துகொண்டு ஒரு குடும்பம் “தேவையில்லை” என்றால் அது நரியின் சொல் அல்ல. பழம் புளிப்பது உண்மை.

விர்ஜினியா யூபாங்க்ஸ் நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரில், ஏழைப் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் அவர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்து 2011இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் போனது கணினி தெரியாத பெண்களுக்குக் கணினியைக் கொண்டுசேர்க்க. அங்கே கண்டது வேறு. அந்தப் பெண்களின் வாழ்வில் கணினி இல்லாமல் இல்லை, எங்கும் இருந்தது. குறைந்த கூலிக்குத் தரவு தட்டும் வேலையில், உதவித்தொகை அலுவலகத்தில் தங்கள் செலவைக் கண்காணிக்கும் திரையில். அவர்களுக்குத் தொழில்நுட்பம் அந்நியம் அல்ல. அது அவர்களைப் பார்க்கும் திசையில் மட்டும் வேலை செய்தது.

இதைப் படித்தபின் ஒருநாள் அந்த அம்மாவிடம் முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். எண்பதுகளில், இதே பள்ளத்தாக்கில், மின்னணுப் பலகைகளில் பற்றவைக்கும் வேலை என்றார். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்குக் கீழே நாள் முழுக்க. புகையில் தலை வலிக்கும். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், வியட்நாம் பெண்கள். அவர் சொல்வது அவர் ஒருவரின் கதை அல்ல. சிலிக்கான் பள்ளத்தாக்கின் உற்பத்திக் கூடங்களில் அன்று உட்கார்ந்திருந்தவர்கள் பெருமளவில் புலம்பெயர்ந்த பெண்களே. அதற்கும் முன்னால், 1965இல் ஃபேர்சைல்ட் நிறுவனம் நியூ மெக்சிகோவில், நவஹோ பழங்குடியினரின் நிலத்தில், ஷிப்ராக் என்ற ஊரில் சில்லுகள் செய்யும் ஆலை தொடங்கியது. அங்கே வேலை பார்த்தவர்களும் பெரும்பாலும் நவஹோ பெண்கள். கம்பளம் நெய்த விரல்களுக்கு இந்த வேலை இயல்பாகவே வரும் என்று நிறுவனம் பெருமையாக விளம்பரக் கையேடு போட்டது. வேலை நீக்கங்களை எதிர்த்து 1975இல் பழங்குடி இயக்கத்தினர் ஆலையைக் கைப்பற்றினார்கள். நிறுவனம் ஆலையை மூடிவிட்டுப் போனது. இன்று அமெரிக்காவில் இணையம் மிகக் குறைவாக எட்டியிருக்கும் இடங்களில் நவஹோ நிலமும் ஒன்று. பெண்களின் விரலுக்குத் தொழில்நுட்பம் பொருந்தும், வீட்டுக்குப் பொருந்தாது என்ற கணக்கை யார் போட்டது என்று கேட்டால், அது யாரும் போட்ட கணக்கல்ல, தானாக அமைந்தது என்பார்கள்.

என் கதைக்கு வருகிறேன். நான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். 2021இன் உள்கட்டமைப்புச் சட்டத்தில் 1,420 கோடி டாலர் ஒதுக்கி, குறைந்த வருமானக் குடும்பங்களின் இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலரை அரசே கட்டும் திட்டம் வந்திருந்தது. பழங்குடி நிலங்களில் 75 டாலர். சில திட்டங்களில் அந்த 30 டாலரோடு கட்டணம் பூச்சியமாகிவிடும். பேத்தி உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள், வீட்டிலிருந்தே எழுதட்டுமே என்றேன். அரசுத் திட்டம், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததற்காக விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டார்கள்.

அதன்பின் ஒன்றரை வருஷம் அவர் நூலகத்துக்கு வருவது குறைந்தது. வந்தால் சும்மா பேச வருவார். மிச்சோகானில் இருக்கும் அக்காவை ஞாயிறுதோறும் திரையில் பார்க்கிறாராம். அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, திரைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுவாள், மூக்கு மட்டும்தான் தெரியும் என்று சிரித்தார். ரத்த அழுத்தத்துக்கு மருத்துவரிடம் வீட்டிலிருந்தே பேசுகிறார். அவரைப் போல அந்தத் திட்டத்தில் சேர்ந்தவை 2 கோடியே 30 லட்சம் குடும்பங்களுக்கு மேல். அவர்களில் எத்தனையோ பேர் முன்பு “தேவையில்லை” கட்டத்தில் குறி போட்டவர்களாக இருந்திருப்பார்கள். விலை இறங்கியபோது விருப்பம் வந்துவிட்டது. என் அம்மாவுக்குக் கறி பிடித்துப்போனது போல.

2024 பிப்ரவரியில் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். பணம் தீர்ந்துகொண்டிருந்தது. முழுத் தொகை கிடைத்த கடைசி மாதம் ஏப்ரல். ஜூன் முதல் தேதி திட்டம் முடிந்தது. புதிதாக நிதி ஒதுக்க நாடாளுமன்றத்துக்கு மனம் வரவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம், முதியோர், சிறுபான்மையினர், கிராமத்தவர் ஆகியோருக்கு இணையப் பயிற்சியும் கருவிகளும் தருவதற்கான 275 கோடி டாலர் சட்டத்தின் திட்டங்களையும், அது இனவாதச் சட்டம் என்று சொல்லி, அதிபர் டிரம்ப் நிறுத்தினார்.

ஒருவருக்கு இல்லாதிருந்த தேவையை நான் உண்டாக்கிவிட்டேனா? இந்தக் கேள்வி என்னை நிம்மதியாக விடவில்லை. அவர் போட்டிருந்த கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. முதல் வருஷம் ஒரு விலை, அடுத்து கேட்காமலே ஏறும் என்று அவர் முன்பே சொன்னார். நான் அதை அனுபவக் குறைவு என்று எடுத்துக்கொண்டேன். குறைவு எனக்குத்தான் இருந்தது. நான் அவருடைய ‘வேண்டாம்’ என்ற சொல்லின் பின்னால் இருந்த ஆசையை வாசித்தேன். அதன் பின்னால் இருந்த அறிவை வாசிக்கவில்லை. இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவிடம்கூட இரண்டும் இருந்தன. கறி மேல் ஆசையும் இருந்தது, பானையில் எத்தனை துண்டு இருக்கிறது என்ற கணக்கும் இருந்தது. துண்டு எத்தனை என்று பார்க்காமல் அவளைச் சாப்பிடு சாப்பிடு என்று வற்புறுத்துவது அன்பு மாதிரித் தெரியும். அடுத்த வேளைக்கு அவளைத்தான் பதில் சொல்ல வைக்கும்.

வேறு மாதிரி கேட்டவர்களும் இருக்கிறார்கள். டெட்ராய்ட் நகரத்தில் கறுப்பினத்தவரும் லத்தீனோ மக்களும் வாழும் பேட்டைகளில், டயானா நுசேரா என்ற கலைஞர் தொடங்கிய சமூகத் தொழில்நுட்பத் திட்டம், ‘உங்களுக்கு இணையம் வேண்டுமா’ என்று கேட்கவில்லை. 2016 முதல் அக்கம்பக்கத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தது. அவர்களே கூரையில் ஏறி ஆன்டெனா பொருத்தி, வீட்டுக்கு வீடு இணைப்பைப் பகிர்ந்தார்கள். கெட்டுப்போனால் கூப்பிடுகிற ஆள் அதே தெருவில் இருக்கிற பெண்ணாக இருப்பாள். பால்டிமோரில் ‘சோமோஸ்’ என்ற மாணவர் குழு. புலம்பெயர்ந்த லத்தீனோ மாணவர்கள் தொடங்கியது. காம்காஸ்ட் நிறுவனம் ஏழைகளுக்கென்று மாதம் 9.95 டாலருக்குத் தந்துவந்த இணைப்பில், பெருந்தொற்றுக் காலத்தில், ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வகுப்பில் இருக்க முடியவில்லை. குறைந்த விலைக்குத் தருகிறார்களே என்று வாயை மூடிக்கொள்ளாமல், இந்த வேகம் போதாது என்று அவர்கள் வெளிப்படையாகப் போராடினார்கள். நிறுவனம் 2021இல் வேகத்தை இரட்டிப்பாக்கியது. ‘தேவையில்லை’ என்று சொல்லிவிட்டு ஒதுங்குவதற்கும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்வதற்கும் நடுவே, ‘இது போதாது’ என்று ஒரு பதில் இருக்கிறது. எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

2024 ஜூலையில் அந்த அம்மா நூலகத்துக்கு வந்தார். கையில் இணைப்பைத் துண்டிக்கும் அறிவிப்பு. பேத்தியும் வந்திருந்தாள், இப்போது நல்ல உயரம். நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ தொடங்கினேன். எனக்கு ஸ்பானியம் அவ்வளவு வராது, அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை. கையால் தள்ளிவிட்டார். “நோ லோ நெசெசீத்தோ” என்றார். பேத்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்புறம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. நூலகம் மூடிய பிறகும் வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் வைஃபை கிடைக்கும் என்கிறார்களே, இரவு எத்தனை மணிவரை? ஞாயிற்றுக்கிழமையும் உண்டா? நான் உள்ளே போய்க் கேட்டுவந்து சொன்னேன். துண்டிப்பு அறிவிப்பின் பின்பக்கத்தில் பேத்தி அதை எழுதிக்கொண்டாள்.